பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் 7.4, மூன்றாம் நிலை: 29 மாதம் என்பது அப்பாவுக்கான கணக்கா?

பொருநைக்கரை (திருநெல்வேலி)

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 66 வயது, ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். இடுப்பு வலிக்கு மாதக்கணக்கில் வலி மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம் வண்டி ஓட்டிய உடம்பு, எலும்புத் தேய்மானமாக இருக்கும் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தோம். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று ரத்தம் பார்த்தபோது ஹீமோகுளோபின் 8.1. அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாகப் பரிசோதனைகள். மல்டிபிள் மைலோமா என்ற மஜ்ஜைப் புற்றுநோய் என்று இப்போது உறுதியாகிவிட்டது.

ரிப்போர்ட்டில் உள்ளவை: மொத்தப் புரதம் 10.2, ஆல்புமின் 3.1, எம்-பேண்ட் 5.4, கிரியாட்டினின் 2.6, எல்டிஹெச் சாதாரண அளவு, பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் 7.4. குரோமோசோம் மாற்றங்களைப் பார்க்கும் மஜ்ஜையின் ஃபிஷ் ரிப்போர்ட் இன்னும் வரவில்லை. 'ஐஎஸ்எஸ் மூன்றாம் நிலை' என்று குறித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

மூன்றாம் நிலை என்று இணையத்தில் தேடினால் 29 மாதம் என்று வருகிறது. டாக்டரை மறுபடி பார்ப்பது திங்கள்கிழமைதான். அதுவரை இந்த எண் தலைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். ரத்தத்தில் இருக்கிற இரண்டு புரதத்தை வைத்து ஒரு மனிதர் எத்தனை மாதம் இருப்பார் என்று சொல்லிவிட முடியுமா? அம்மாவிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. மொத்தப் புரதம் அதிகம் என்று கேள்விப்பட்டதிலிருந்து அத்தை வந்து பருப்பு, முட்டை, மீன் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்கிறார். நிறுத்தத்தான் வேண்டுமா?

---

ஆய்வகத்தான் (கோயம்புத்தூர்)

தங்கச்சி, சாப்பாட்டுக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். இன்று ராத்திரியே அவர் சாப்பிட வேண்டுமே.

ரத்தத்தில் கூடியிருக்கும் புரதம் சாப்பாட்டிலிருந்து வந்ததல்ல. மஜ்ஜையில் பிளாஸ்மா செல் என்று ஒரு வகை உண்டு. நோய்க்கிருமிகளுக்கு எதிரான ஆன்டிபாடியைத் தயாரிப்பவை அவைதான். மைலோமாவில் அந்தச் செல் ஒன்று கட்டுக்கடங்காமல் பெருகி, எதற்கும் உதவாத ஒரே ஆன்டிபாடியைக் கொட்டிக்கொண்டே இருக்கும். ரத்தப் புரதங்களைப் பிரித்துக் காட்டும் எலக்ட்ரோபோரெசிஸில் தனியாகத் தெரிகிற எம்-பேண்ட் அதுதான். 10.2இல் ஆல்புமினைக் கழித்தால் 7.1. அதில் 5.4 அந்த எம்-பேண்டுக்கே போய்விடுகிறது. பருப்பை நிறுத்தினால் அது குறையாது, அப்பாதான் மெலிந்து போவார். ஆல்புமின் ஏற்கெனவே இறங்கியிருக்கிறது.

ஆனால் சிறுநீரகம் பழுதானால் ஏறுகிற கிரியாட்டினின் 2.6 இருப்பதால் ஒரு நாளைக்கு எவ்வளவு புரதம் கொடுக்கலாம் என்பதை மருத்துவமனையின் உணவியல் நிபுணரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். அது சிறுநீரகத்துக்காகச் செய்கிற அளவு, எம்-பேண்டுக்காக அல்ல.

ஒன்றே ஒன்று அவசரம். அந்த இடுப்பு வலி மாத்திரை இன்னும் ஓடுகிறதா? டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வகையாக இருந்தால் இன்றே டாக்டருக்கு போன் செய்து சொல்லுங்கள். மைலோமாவில் சிறுநீரகம் ஏற்கெனவே அடி வாங்கியிருக்கும், இந்த மாத்திரைகள் அதை இன்னும் கெடுக்கும். வலிக்கு வேறு மருந்து தருவார்கள்.

---

பொருநைக்கரை

ஆமாம் அண்ணா, டைக்ளோஃபினாக்தான். நேற்று வரை போட்டார். இப்போதே நிறுத்திவிட்டேன். காலையில் முதல் வேலையாக போன் செய்கிறேன்.

---

வெண்ணணு (ரத்தவியல் மருத்துவர், சென்னை)

ஆய்வகத்தான் சொன்ன இரண்டும் சரி. வலி மாத்திரையை நிறுத்தியது நீங்கள் கேட்ட கேள்விக்கே சம்பந்தப்பட்ட விஷயம், கீழே வருகிறேன்.

29 மாதம் உங்கள் அப்பாவுக்குப் போட்ட கணக்கு அல்ல. அது எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 1975 முதல் மைலோமாவுக்கு டூரி-சால்மன் என்ற நிலைப்படுத்தும் முறை இருந்தது. அதில் ஹீமோகுளோபின், கால்சியம், எம்-புரதம் இவற்றோடு எக்ஸ்ரேயில் எலும்பில் எத்தனை இடத்தில் அரிப்பு என்றும் எண்ண வேண்டும். இரண்டு பேர் பார்த்தால் இரண்டு எண்ணிக்கை வரும். இதைவிட எளிதாக, எந்த ஊர் ஆய்வகத்திலும் ஒரே மாதிரி வரும் முறை வேண்டும் என்று ஃபிலிப் கிரைப் தலைமையில் ஒரு பன்னாட்டுக் குழு வட அமெரிக்கா, ஐரோப்பா, ஆசியாவிலிருந்து 10,750 நோயாளிகளின் தரவைத் திரட்டியது. பல அளவீடுகளை அலசிப் பார்த்து கடைசியில் இரண்டே புரதங்களில் வந்து நின்றார்கள். பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் 3.5க்குக் கீழே, ஆல்புமின் 3.5 அல்லது அதற்கு மேல் இருந்தால் முதல் நிலை. பீட்டா-2 5.5 அல்லது அதற்கு மேல் என்றால் மூன்றாம் நிலை. இரண்டிலும் சேராதவர்கள் இரண்டாம் நிலை. உங்கள் ரிப்போர்ட்டில் உள்ள ஐஎஸ்எஸ் இதுதான். 2005இல் வெளியான அந்த ஆய்வில் நடுமதிப்பு ஆயுள் முறையே 62, 44, 29 மாதங்கள்.

நீங்கள் பார்த்த 29 அதுதான். அந்த நோயாளிகளில் பெரும்பாலானோர் சிகிச்சை பெற்ற காலத்தில் இன்று நாங்கள் முதல் நாளே கையில் எடுக்கிற மருந்துகள் கிடையாது. போர்டிசோமிப் அமெரிக்காவில் அனுமதி பெற்றது 2003இல். லெனலிடோமைடு மைலோமாவுக்கு வந்தது 2006இல். டாரட்டுமுமாப் 2015இல். இரண்டு புரதங்களும் நோயாளிகளைப் பிரித்த வரிசை இன்றைக்கும் செல்லும்: மூன்றாம் நிலை முதல் நிலையைவிடக் கடுமையானது. மாதக் கணக்குதான் பழையதாகிவிட்டது.

நடுமதிப்பு என்பதையும் கவனியுங்கள். பாதிப் பேர் அதற்கு முன் இறந்தார்கள், பாதிப் பேர் அதைத் தாண்டினார்கள், சிலர் பல வருஷம் தாண்டினார்கள்.

இனி உங்கள் அப்பாவின் 7.4. பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் புற்றுநோய்க்கே உரிய புரதம் அல்ல. உட்கரு உள்ள செல்கள் அநேகமாக எல்லாவற்றின் மேலும், ஹெச்எல்ஏ என்ற அடையாள அமைப்பின் ஒரு துண்டாக அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. உங்கள் உடம்பிலும் என் உடம்பிலும் தினமும் கொஞ்சம் உதிர்ந்து ரத்தத்தில் சேரும். சிறுநீரகம் அதை வடிகட்டி அழித்துவிடும். மைலோமா செல்கள் அதிகமானால் உதிர்வதும் அதிகம், அதனால்தான் நோயின் சுமைக்கு அது ஒரு அளவுகோல். ஆனால் சிறுநீரகம் பழுதானால் புற்றுநோயே இல்லாவிட்டாலும் ஏறும். பல வருஷம் டயாலிசிஸ் செய்பவர்களுக்கு இந்தப் புரதம் மூட்டுகளில் படிந்து ஒரு தனி நோயே வருவதுண்டு.

அப்பாவின் கிரியாட்டினின் 2.6. அந்த வலி மாத்திரையும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஆக அந்த 7.4இல் நோயின் பங்கு எவ்வளவு, சிறுநீரகத்தின் பங்கு எவ்வளவு என்று யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. இதற்காக மூன்றாம் நிலையை அழித்துவிட்டு நிம்மதியாக இருங்கள் என்று சொல்ல மாட்டேன். மைலோமாவே சிறுநீரகத்தைக் கெடுத்திருந்தால் அதுவும் கவலைக்குரிய விஷயம்தான். ஆனால் கிரியாட்டினின் 0.9 இருக்கும் ஒருவரின் 7.4உம் இவருடைய 7.4உம் ஒன்றல்ல. இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. 2025இல் வெளியான பன்னாட்டு மைலோமா குழுவின் புதிய வரையறையில், பீட்டா-2 5.5ஐத் தாண்டினால் அதிக ஆபத்து என்று எடுத்துக்கொள்வது கிரியாட்டினின் 1.2க்குக் கீழே இருந்தால் மட்டும்தான்.

ஆல்புமினும் அப்படித்தான். மைலோமா வளரும்போது இன்டர்லூக்கின்-6 என்ற சமிக்ஞைப் புரதம் கூடும், அது கல்லீரலை ஆல்புமின் தயாரிப்பைக் குறைக்கச் செய்யும். அதே ஆல்புமின் சிறுநீரில் ஒழுகியும் குறையலாம், பசியில்லாமல் சரியாகச் சாப்பிடாததாலும் உடல் நலிந்து குறையலாம்.

இன்று ஐஎஸ்எஸ் மட்டும் வைத்து நாங்கள் பேசுவதில்லை. 2015இல் வந்த திருத்திய முறையில் எல்டிஹெச் என்ற நொதியும் ஃபிஷ் முடிவும் சேரும். அந்தத் தரவில் ஐந்தாண்டு உயிரோடிருந்தவர்கள் முதல் நிலையில் 82 சதவீதம், இரண்டில் 62, மூன்றில் 40. அதில் மூன்றாம் நிலை என்று சொல்ல பீட்டா-2 ஏறியிருந்தால் மட்டும் போதாது. எல்டிஹெச் கூடியிருக்க வேண்டும், அல்லது 17ஆவது குரோமோசோமின் குட்டைக் கை இழப்பு, 4-14 இடமாற்றம், 14-16 இடமாற்றம் இவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். அப்பாவுக்கு எல்டிஹெச் சாதாரணம். ஃபிஷ்ஷிலும் இவை இல்லை என்று வந்தால் இந்த முறைப்படி அவர் இரண்டாம் நிலை.

திங்கள்கிழமை டாக்டரிடம் எத்தனை மாதம் என்று ஆரம்பிக்காதீர்கள். சிறுநீரகம் திரும்பி வர வாய்ப்பு இருக்கிறதா, ஃபிஷ் முடிவு சிகிச்சையை மாற்றுமா, தன் ஸ்டெம் செல் மாற்று சிகிச்சைக்கு அப்பா தகுதியாவாரா என்று கேளுங்கள். இவற்றின் பதிலில்தான் அப்பாவின் வருங்காலம் இருக்கிறது.

---

கீழவாசல் (தஞ்சாவூர்)

டாக்டர் பொறுமையாக எழுதியிருக்கிறார், நன்றி. ஆனால் என் கருத்து வேறு. இந்த எண்களையே பார்க்காமல் இருப்பதுதான் நல்லது. என் மாமனாருக்கு இதே நோய். நாங்கள் யாரும் நிலை என்ன என்று கேட்கவில்லை, அவரிடமும் சொல்லவில்லை. மருந்தைக் கொடுத்தோம், கோயிலுக்குக் கூட்டிப் போனோம். தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறோம்? ஆயுசை எண்ணிக்கொண்டு வாழ்வது ஒரு வாழ்வா?

---

செங்காந்தள் (சிங்கப்பூர்)

கீழவாசல் அண்ணா, மன்னித்துக்கொள்ளுங்கள், இதில் என்னால் ஒத்துப்போக முடியவில்லை. என் அம்மாவுக்குக் கணையத்தில் வந்தது. யாரும் எங்களிடம் காலத்தைப் பற்றிப் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை. தம்பி கல்யாணத்தை 'அம்மாவுக்குக் கொஞ்சம் தேறட்டும்' என்று தை மாதத்துக்குத் தள்ளி வைத்தோம். அம்மா ஐப்பசியிலேயே போய்விட்டார். அவருக்குத் தெரிந்திருந்தால் ஆவணியிலேயே நடத்தச் சொல்லியிருப்பார். அதை நினைக்காத நாள் இல்லை.

எண் தெரிந்தால் தாங்க மாட்டார்கள் என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம். பத்திரம் யார் பெயரில் இருக்க வேண்டும், யாரைப் பார்த்துவிட்டு வர வேண்டும், எவ்வளவு கடன் வாங்கலாம், இதெல்லாம் நோயாளியின் உரிமை. ஒரே ஒரு எண்ணைக் கையில் கொடுத்துவிட்டுப் போவதுதான் கொடுமை. அதற்குப் பதில் எதுவுமே சொல்லாமல் இருந்துவிடுவது என்பதை ஏற்க முடியாது.

---

வெண்ணணு

செங்காந்தள் சொல்வது எங்கள் துறைக்குள்ளேயே பெரிய விவாதம். சிட்னியில் பெலிண்டா கீலி, மார்ட்டின் ஸ்டாக்லர் இருவரும் இதற்கென்றே ஆய்வு செய்திருக்கிறார்கள். முற்றிய புற்றுநோயில் ஒற்றை எண்ணாகச் சொல்லாமல் மூன்று விதமாகச் சொல்லலாம் என்பது அவர்கள் வழி. நடுமதிப்பின் பாதியிலிருந்து இரண்டு மடங்கு வரைக்குள் ஏறத்தாழ பாதிப் பேர் வருவார்கள். பத்தில் ஒருவர் மூன்று, நான்கு மடங்கு தாண்டி வாழ்வார். பத்தில் ஒருவருக்குக் காலம் மிகக் குறைவாக இருக்கும். நான் குடும்பங்களோடு பேசும்போது இந்த வழியைத்தான் பயன்படுத்துகிறேன். 'நல்லதே நடந்தால், வழக்கம்போல் போனால், மோசமாகப் போனால்' என்று மூன்றையும் சொல்லும்போது மக்கள் திட்டமிடவும் செய்கிறார்கள், நம்பிக்கையையும் விடுவதில்லை.

கீழவாசல் ஐயா, வேண்டாம் என்று சொல்லவும் நோயாளிக்கு உரிமை உண்டு. நான் முதலில் நோயாளியிடமே கேட்பேன்: 'உங்களுக்கு எவ்வளவு தெரிந்துகொள்ள வேண்டும்?' பல பெரியவர்கள் 'மகளிடம் சொல்லிவிடுங்கள்' என்பார்கள். அதுவும் அவர்கள் எடுத்த முடிவுதான். கேட்காமலே நாம் எடுக்கக் கூடாது.

---

பனங்காடு (யாழ்ப்பாணம்)

வணக்கம். இழைக்குள் புகுந்து கேட்கிறதுக்கு மன்னிக்கவும், இதுவும் புரத அளவு பற்றின கேள்விதான். என்ர அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். ஒரே கட்டியை இரண்டு இடத்தில் பார்த்தோம். ஒரு அறிக்கையில் கேஐ-67 18 சதவீதம், மற்றதில் 28. ஹெர்-2 மூன்று பிளஸ். ஈஆர் (ஈஸ்ட்ரோஜன் ஏற்பி) நெகட்டிவ். ஒரு சொந்தக்காரர் 'ஹெர்-2 பொசிட்டிவ் எண்டால் கூடாத வகை' என்று சொல்லிவிட்டார், அக்கா அழுதுகொண்டே இருக்கிறா. கேஐ-67இல் எது சரி? இரண்டு அறிக்கையில் ஒன்று பிழையோ?

---

ஆய்வகத்தான்

இரண்டும் சரியாகவே இருக்கலாம். கேஐ-67 என்பது பெருகிக்கொண்டிருக்கும் செல்லின் உட்கருவில் இருக்கும் புரதம். 1983இல் ஜெர்மனியின் கீல் நகரில் கண்டுபிடித்தார்கள். சும்மா இருக்கும் செல்லில் அது கிடையாது. ஆக, கட்டியில் எத்தனை சதவீதம் செல்கள் சாயம் ஏறுகின்றன என்று பார்த்தால் கட்டி எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று தெரியும். கொள்கை அருமையானது. எண்ணுவதில்தான் பிரச்சினை. கட்டி ஃபார்மலினில் எவ்வளவு நேரம் ஊறியது, எந்தச் சாயம், கட்டியின் எந்தப் பகுதி, அதிகம் சாயம் ஏறிய இடத்தை மட்டும் எண்ணினார்களா அல்லது எல்லா இடத்தையும் சேர்த்துச் சராசரி எடுத்தார்களா என்று ஒவ்வொன்றிலும் எண் மாறும். பெரிய மருத்துவமனைகளுக்குள்ளேயே ஒரே ஸ்லைடுக்கு வேறு வேறு எண் வந்திருக்கிறது. அதனால்தான் இதற்கான பன்னாட்டுக் குழு 2021இல் 5 சதவீதம் அல்லது அதற்குக் கீழே, 30 சதவீதம் அல்லது அதற்கு மேலே இருந்தால் மட்டும் நம்பி முடிவெடுங்கள் என்றது. அந்தப் பரிந்துரை ஈஆர் பொசிட்டிவ், ஹெர்-2 நெகட்டிவ், ஆரம்ப நிலைக் கட்டிகளில் கீமோ வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுப்பதற்கானது. உங்கள் அக்காவுக்கு ஈஆர் நெகட்டிவ், ஹெர்-2 மூன்று பிளஸ். அவர் சிகிச்சையை கேஐ-67 18ஆ 28ஆ என்பது மாற்றப் போவதில்லை. அந்த வித்தியாசத்தைப் பற்றி நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஹெர்-2 பற்றி டாக்டர் எழுதட்டும்.

---

வெண்ணணு

மார்பகம் என் துறை இல்லை என்றாலும் ஹெர்-2 கதை புற்றுநோய் மருத்துவர் எல்லோருக்கும் தெரிந்தது. 1987இல் லாஸ் ஏஞ்சலஸில் டெனிஸ் ஸ்லாமன் குழு 189 மார்பகக் கட்டிகளைப் பார்த்தது. ஏறத்தாழ 30 சதவீதத்தில் ஹெர்-2 மரபணு பல பிரதிகளாகப் பெருகியிருந்தது. அந்தப் பெண்களுக்கு நோய் சீக்கிரம் திரும்பியது, ஆயுளும் குறைந்தது. உங்கள் சொந்தக்காரர் சொல்வது அந்தக் காலத்தின் உண்மை.

ஆனால் செல்லின் மேல்தோலில் நீட்டிக்கொண்டிருக்கும் புரதம் என்பதால் ஹெர்-2வையே குறிவைத்து ஒரு ஆன்டிபாடி செய்ய முடிந்தது. டிராஸ்டுசுமாப். 1998இல் அமெரிக்காவில் அனுமதி. 2005இல் ஆரம்ப நிலை நோயாளிகளுக்கான பெரிய பரிசோதனைகளின் முடிவு வந்தபோது, கீமோவோடு இதையும் சேர்த்துக் கொடுத்தவர்களில் நோய் திரும்புவது ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. முன்பு கெட்ட செய்தியாக இருந்த அதே மூன்று பிளஸ், இன்று மருந்து வேலை செய்யும் என்பதற்கான அடையாளம். 2014 முதல் இந்தியாவிலேயே தயாராகும் பயோசிமிலரும், அதாவது அதற்கு ஒப்பான மருந்தும், வந்துவிட்டது.

அக்காவிடம் இதைச் சொல்லுங்கள், பனங்காடு. அவர் வைத்தியரிடம் டிராஸ்டுசுமாப் எப்போது தொடங்குகிறது என்று கேட்கச் சொல்லுங்கள், அதற்கு முன் இதயத்துக்கு எக்கோ எடுக்க வேண்டும் என்பதையும்.

ஒரு புரதம் ஆயுளைக் கணிக்கிறது என்றால், இருக்கும் மருந்துகளை வைத்துக் கணிக்கிறது என்றுதான் பொருள். மருந்து மாறினால் கணிப்பும் மாறும். மைலோமாவின் 29 மாதத்துக்கும் இதே நியாயம்தான்.

---

பனங்காடு

மிக்க நன்றி டொக்டர், நன்றி அண்ணை. அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். டிராஸ்டுசுமாப் பெயரை எழுதி வைத்திருக்கிறா.

---

நெய்தல் (நாகப்பட்டினம்)

பெரியம்மாவுக்கு சினைப்பைப் புற்றுநோய். சிகிச்சை முடிந்து நன்றாக இருக்கிறார். மாதாமாதம் ரத்தத்தில் சிஏ-125 என்ற புரதத்தைப் பார்க்கிறோம். ரிப்போர்ட் வரும் வரை வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிறது. கொஞ்சம் ஏறினாலே உடனே கீமோ ஆரம்பித்தால்தான் உயிர் பிழைக்கும் என்று பயம். இவ்வளவு அடிக்கடி பார்ப்பது அவசியமா?

---

வெண்ணணு

இதற்கு நேரடியாகவே ஒரு பரிசோதனை நடந்திருக்கிறது. பிரிட்டனும் ஐரோப்பாவும் சேர்ந்து நடத்தியது, கார்டன் ரஸ்டின் தலைமையில், 2010இல் வெளியானது. முதல் சிகிச்சைக்குப் பின் நோய் முழுதாக அடங்கிய பெண்களுக்கு சிஏ-125 பார்த்தார்கள். அது சாதாரண உச்ச அளவைப் போல் இரு மடங்கைத் தாண்டிய 529 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு உடனே கீமோ. மறு பாதிக்கு எண் ஏறியதையே சொல்லாமல், அறிகுறி வந்த பிறகு கீமோ. முதல் குழு ஏறத்தாழ ஐந்து மாதம் முன்பாகவே சிகிச்சை ஆரம்பித்தது. ஆயுளின் நடுமதிப்பு 25.7 மாதம், 27.1 மாதம். வித்தியாசம் இல்லை. முன்கூட்டியே கீமோ எடுத்தவர்களின் அன்றாட வாழ்க்கைத் தரம்தான் சீக்கிரம் சரிந்தது.

சிஏ-125 நோய் திரும்புவதைச் சரியாகவே முன்கூட்டிச் சொன்னது. சொன்னதை வைத்து அன்று செய்ய முடிந்த காரியம் ஆயுளைக் கூட்டவில்லை. அதற்குப் பிறகு புது மருந்துகள் வந்திருக்கின்றன, திரும்பிய கட்டியை அறுவை செய்வதால் சிலருக்குப் பலன் உண்டு என்றும் தெரிந்திருக்கிறது. அதனால் சில மருத்துவர்கள் இன்றும் பார்க்கிறார்கள், அதற்கு நியாயம் இருக்கிறது. எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, ஏறினால் என்ன செய்வோம் என்று முன்பே அவரிடம் பேசி வையுங்கள். என்ன செய்வோம் என்பதற்குப் பதில் இல்லாத பரிசோதனையை மாதாமாதம் எடுத்து வீடே பயத்தில் இருக்க வேண்டாம்.

---

ஊர்க்குருவி

வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் சுற்றுகிறது. ஒரு சொட்டு ரத்தத்தில் நூற்றுக்கணக்கான புரதங்களைப் பார்த்து, புற்றுநோயாளி எத்தனை வருடம் வாழ்வார் என்று ஏஐ கணித்துத் தருமாம். இந்த பீட்டா-2, ஆல்புமின் எல்லாம் பழசு என்கிறார்கள். பணம் கட்டலாமா? பொருநைக்கரைக்கும் உதவுமே என்று கேட்கிறேன்.

---

எண்ணடுக்கு (புள்ளியியல், பெங்களூரு)

கட்ட வேண்டாம். காரணத்தை விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது போன்ற விளம்பரங்கள் இனி நிறைய வரும்.

2002இல் லான்செட் இதழில் ஒரு கட்டுரை வந்தது. ரத்தத்தின் புரதக் கோலத்தை நிறமாலைமானியில் பார்த்து சினைப்பைப் புற்றுநோயை நூறு சதவீதம் கண்டுபிடித்துவிடலாம் என்று. உலகமே கொண்டாடியது. ஒரு நிறுவனம் அதைப் பரிசோதனையாக விற்கவும் கிளம்பியது. ஹூஸ்டனில் கீத் பேகர்லியும் கெவின் கூம்ப்ஸும் மூலத் தரவை வாங்கித் திரும்பக் கணக்கிட்டார்கள். நோயாளிகளையும் ஆரோக்கியமானவர்களையும் பிரித்த வித்தியாசங்களில் பல, மாதிரிகளைக் கையாண்ட விதத்திலிருந்தும் கருவியின் அளவுத்திருத்தத்திலிருந்தும் வந்தவையாகத் தெரிந்தன. நோயிலிருந்து வந்ததாகக் காட்ட முடியவில்லை. அந்தப் பரிசோதனை கடைசி வரை சந்தைக்கு வரவில்லை.

இது கண்டுபிடிப்பது பற்றியது, ஆயுளைக் கணிப்பதில் சிக்கல் இன்னும் அதிகம். நூறு புரதங்களைச் சில டஜன் நோயாளிகளிடம் அளந்தால், தற்செயலாகவே நாலைந்து ஆயுளோடு பொருந்தி நிற்கும். அவற்றை மட்டும் எழுதி மற்றதை விட்டுவிட்டால் அற்புதமான கட்டுரை கிடைக்கும். இன்னொரு ஊர் நோயாளிகளிடம் முயன்றால் ஒன்றும் நிற்காது. இந்தக் குழப்பத்துக்காகத்தான் 2005இல் ரிமார்க் என்று ஒரு வழிகாட்டி எழுதினார்கள்: எத்தனை பேர், எதை எல்லாம் அளந்தீர்கள், எல்லைக்கோட்டை முன்பே வைத்தீர்களா பிறகு தேடினீர்களா, ஏற்கெனவே தெரிந்த விஷயங்களுக்கு மேல் இது என்ன கூடுதலாகச் சொல்கிறது என்று எல்லாம் எழுத வேண்டும்.

பீட்டா-2வும் ஆல்புமினும் பழையவைதான். பத்தாயிரம் பேருக்கு மேல், மூன்று கண்டங்களில் நின்று காட்டிய புரதங்கள். எந்த ஊரிலும் செய்யலாம். விளம்பரம் செய்பவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: உங்கள் கணிப்பை நீங்கள் உருவாக்கிய இடத்துக்கு வெளியே, வேறு நோயாளிகளிடம் சோதித்தது எங்கே வெளியாகியிருக்கிறது?

---

ஆய்வகத்தான்

எண்ணடுக்கு சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். சிறு வரலாறு ஒன்று: புற்றுநோய்க்கு அடையாளமாக முதலில் பதிவான புரதமே மைலோமாவுடையதுதான். 1840களில் லண்டனில் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்ற மருத்துவர், ஒரு நோயாளியின் சிறுநீரைச் சூடாக்கியும் ஆறவிட்டும் பார்த்து, அதிலிருந்த ஒரு புரதத்தைப் பற்றி எழுதி வைத்தார். அது ஆன்டிபாடியின் ஒரு துண்டு. அதையே இன்று ஃப்ரீ லைட் செயின் என்று ரத்தத்தில் அளக்கிறோம். பொருநைக்கரை, அப்பாவுக்கு அது எடுத்தார்களா? சிறுநீரகத்தைக் கெடுப்பது பெரும்பாலும் அந்தப் புரதம்தான்.

---

பொருநைக்கரை

எல்லோருக்கும் நன்றி. திங்கள்கிழமை போய் வந்தோம்.

லைட் செயின் எடுத்திருக்கிறார்கள், அதில் கப்பா என்ற வகை மிக அதிகம். சிறுநீரகத்துக்கு அதுவும் வலி மாத்திரையும் சேர்ந்தே காரணமாக இருக்கும் என்றார் டாக்டர். சீக்கிரம் சிகிச்சை ஆரம்பித்தால் ஓரளவு திரும்ப வாய்ப்பு உண்டு என்றார். போர்டிசோமிப் ஊசி வாரம் ஒருமுறை வயிற்றுத் தோலுக்கடியில், கூட சைக்ளோஃபாஸ்ஃபமைடு, டெக்ஸா மாத்திரை. சிறுநீரகம் தேறினால் லெனலிடோமைடுக்கு மாற்றுவார்களாம். அக்கி வராமல் இருக்க அசைக்ளோவிரும் எழுதினார்.

அப்பாவிடம் நாங்கள் மறைக்க நினைத்தது நடக்கவில்லை. வெளியே மாட்டியிருந்த துறைப் பலகையை அவரே படித்துவிட்டார். உள்ளே போனதும் 'எனக்குப் புற்றுநோய்தானே சார், பெயரைச் சொல்லுங்கள்' என்றார். டாக்டர் சொன்னார். 'எவ்வளவு தெரிந்துகொள்ள வேண்டும்?' என்று அவரும் கேட்டார். 'வைத்தியம் என்ன என்று சொல்லுங்கள், மற்றதை என் மகளிடம் சொல்லுங்கள்' என்றார் அப்பா. செங்காந்தள் அக்கா எழுதியதைப் படித்திருந்ததால் நான் கேட்டேன். டாக்டர் எண்ணாகச் சொல்லவில்லை. பல வருஷங்கள் என்று நினைத்துத் திட்டமிடுங்கள், ஆனால் முதல் ஆறு மாதம் கவனமாக இருக்க வேண்டும், தொற்றும் சிறுநீரகமும்தான் இப்போது ஆபத்து என்றார். அம்மாவிடம் அன்று இரவே அப்பாவே சொல்லிவிட்டார்.

---

செங்காந்தள்

நல்லது தங்கச்சி. காய்ச்சல் வந்தால் எந்த நேரமானாலும் காத்திருக்காமல் கூட்டிப் போங்கள். உன் உடம்பையும் பார்த்துக்கொள்.

---

கீழவாசல்

அப்பா தைரியமானவர், அம்மா. என் மாமனாரிடமும் இந்த வாரம் மெதுவாகக் கேட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறோம், அவருக்கு ஏதாவது தெரிய வேண்டுமா என்று.

---

பொருநைக்கரை

சில மாதம் கழித்து இந்த இழைக்குத் திரும்புகிறேன். ஃபிஷ்ஷில் டாக்டர் வெண்ணணு சொன்ன மாற்றங்கள் எதுவும் இல்லை. எம்-பேண்ட் 5.4இலிருந்து 1.3. கிரியாட்டினின் 1.5. ஹீமோகுளோபின் பத்தைத் தாண்டிவிட்டது. அப்பா காலையில் தெருமுனை வரை நடந்து பேப்பர் வாங்கி வருகிறார். அடுத்த வாரத்திலிருந்து லெனலிடோமைடு.

ஒரு சந்தேகம். நாங்களாகவே வெளி ஆய்வகத்தில் பீட்டா-2 திரும்ப எடுத்தோம். 3.9 வந்தது. அப்படியானால் இப்போது இரண்டாம் நிலையா? மாதாமாதம் இதை எடுக்க வேண்டுமா?

---

வெண்ணணு

மிக நல்ல முன்னேற்றம். 7.4 இவ்வளவு இறங்கியதற்கு நோய் குறைந்ததும் சிறுநீரகம் தேறியதும் இரண்டுமே காரணம்.

நிலை என்பது சிகிச்சைக்கு முன் ஒரே ஒருமுறை குறிப்பது, பிறகு மாற்றி எழுதுவதில்லை. ஐஎஸ்எஸ்ஸில் அவர் பெயருக்கு எதிரே மூன்று என்றேதான் இருக்கும். ஃபிஷ்ஷும் எல்டிஹெச்சும் சேர்ந்த திருத்திய முறையில் இரண்டு. இரண்டையும் கோப்பில் வையுங்கள், வேறு மருத்துவமனைக்குப் போனால் கேட்பார்கள்.

பீட்டா-2 மாதாமாதம் தேவையில்லை, அந்தப் பணத்தை மிச்சப்படுத்துங்கள். இனி பின்தொடர வேண்டியவை எம்-பேண்ட், லைட் செயின், கிரியாட்டினின், ரத்த அணுக்கள். எம்-பேண்டையும் லைட் செயினையும் எப்போதும் ஒரே ஆய்வகத்திலேயே கொடுங்கள், இடம் மாறினால் எண்ணும் கொஞ்சம் மாறும், வீணாகப் பயப்படுவீர்கள். லெனலிடோமைடின் அளவு சிறுநீரகத்தைப் பொறுத்தது, அதனால் ஆரம்பிக்கும் முன் கிரியாட்டினின் ஒருமுறை புதிதாக எடுத்துக் காட்டுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரினோ வேறொன்றோ கூடவே தருவார்கள், எழுதிக் கொடுக்காவிட்டால் நீங்களே கேளுங்கள்.